25 வயது ஆகவில்லையா? அப்படியானால் உதவியும் இல்லை! தெரியுமா உங்களுக்கு?

ஜப்பானில் தகராசுகா என்று ஒரு ஊர். பெண்கள் மட்டுமே நடிக்கும் நாடகக் குழுவுக்குப் பேர் போன இடம். 2019-ல் அந்த ஊர் நகராட்சி ஒரு வேலை விளம்பரம் கொடுத்தது. குமாஸ்தா வேலை, காலியிடம் மூன்று. அதற்கு விண்ணப்பம் போட்டவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 1,800-க்கும் மேல்! நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் வந்து குவிந்தார்கள். கடைசியில் மனம் இரங்கி நான்கு பேரை எடுத்தார்கள்.

இதில் என்ன அதிசயம், நம் பக்கம் இதைவிடப் பெரிய கூட்டமெல்லாம் பார்த்திருக்கிறோமே என்கிறீர்களா? அதிசயம் கூட்டத்தில் இல்லை, நிபந்தனையில் இருக்கிறது. விண்ணப்பிக்க வயது 36 முதல் 45 வரை இருக்க வேண்டும். ஆம், இருபது வருடத்துக்கு முன்னால் வேலை கிடைக்காமல் போன இளைஞர்களுக்காக, அவர்கள் தலை நரைக்கத் தொடங்கிய பிறகு ஒரு நகராட்சி திறந்துவிட்ட கதவு அது!

ஏன் அவ்வளவு தாமதம்? ஜப்பான் கம்பெனிகள் ஆள் எடுக்கும் முறையே தனி. கல்லூரி முடியும் முன்பே மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ஏப்ரல் 1-ம் தேதி எல்லோரையும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ப்பார்கள். அந்த வருடம் தவறினால் தவறியதுதான். அடுத்த வருடம் அவர்களுக்கு அடுத்த வருடத்துப் புத்தம் புதிய மாணவர்கள்தான் வேண்டும். போன வருடத்துப் பட்டதாரி பழசு! 1990-களின் தொடக்கத்தில் பொருளாதாரம் சரிந்தது. கம்பெனிகள் ஆள் எடுப்பதைச் சுருக்கிக்கொண்டன. ஏறக்குறைய 1993 முதல் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் படித்து வெளியே வந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அந்தக் காலத்துக்கு ஜப்பானியர் வைத்த பெயர், 'வேலைவாய்ப்புப் பனியுகம்'. சிலர் 'புதிய பட்டதாரி' என்ற முத்திரை போய்விடக் கூடாது என்று வேண்டுமென்றே கல்லூரியில் ஒரு வருடம் தங்கிவிடுவார்கள். நம்ப முடிகிறதா? பாஸாகும் திறமை இருந்தும் பாஸாகாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம்! 2010-ல்தான் அரசு கம்பெனிகளைப் பார்த்து, படிப்பு முடிந்து மூன்று வருடம் வரைக்கும் பட்டதாரிகளைப் புதியவர்களாகவே பாவியுங்கள் என்று கேட்டுக்கொண்டது.

விளைவு? பகுதிநேர வேலையிலேயே காலம் தள்ளியவர்கள் ஒரு கூட்டம். வீட்டுக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டவர்கள் இன்னொரு கூட்டம். 40 முதல் 64 வயதுக்குள் அப்படி முடங்கிக் கிடப்பவர்கள் மட்டும் 6 லட்சத்து 13 ஆயிரம் பேர் என்று 2019-ல் ஜப்பான் அரசின் கணக்கெடுப்பு மதிப்பிட்டது. எண்பது வயது தாயின் பென்ஷனில் ஐம்பது வயது மகன் சாப்பிடுகிறான். அதே வருடம் பிரதமர் ஷின்சோ அபேயின் அரசு, மூன்றே வருடத்தில் இந்தத் தலைமுறையில் 3 லட்சம் பேரை நிரந்தர வேலைக்குக் கொண்டுவருவோம் என்று திட்டம் போட்டது. பிள்ளைகளுக்கு இருபத்திரண்டு வயதில் செய்திருக்க வேண்டிய காரியம்!

'வேலையில் இருப்பவர்' யார் தெரியுமா?

சரி, கணக்குக்கு வருவோம். இங்கேதான் கண்கட்டு வித்தையே நடக்கிறது.

உலகம் முழுக்க அரசுகள் பின்பற்றும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் விதிப்படி, கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம் கூலிக்கு வேலை செய்திருந்தால் போதும், நீங்கள் 'வேலையில் இருப்பவர்'! ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு நாயை ஒரு மணி நேரம் நடத்திக் கூட்டிப்போய் காசு வாங்கினீர்களா? முடிந்தது கதை, உங்களுக்கு வேலையின்மைப் பட்டியலில் இடமில்லை. சரி, அதுவும் செய்யவில்லை, வேலை தேடிச் சலித்துப்போய்த் தேடுவதையே நிறுத்திவிட்டீர்களா? அப்போதும் இடமில்லை! கடந்த நான்கு வாரத்தில் வேலை தேடியிருக்க வேண்டும், கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் சேரத் தயாராக இருக்க வேண்டும். அப்போதுதான் நீங்கள் முறைப்படி 'வேலையில்லாதவர்'.

தென்கொரியாவில் இதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை, படிக்கவும் இல்லை, வேலை தேடவும் இல்லை, கேட்டால் 'சும்மா ஓய்வெடுத்தேன்' என்று பதில் சொல்பவர்களுக்கான கட்டம். 2024-ல் 15 முதல் 29 வயதுக்குள் இந்தக் கட்டத்தில் விழுந்தவர்கள் 4 லட்சத்துக்கும் மேல். இவர்களில் ஒருவர்கூட வேலையின்மை விகிதத்தில் வரமாட்டார்!

இதற்கு நேர் எதிரான மாயமும் உண்டு. 2013-ல் ஸ்பெயினில் இளைஞர் வேலையின்மை 55 சதவீதம் என்று உலகப் பத்திரிகைகள் அலறின. பாதிக்கு மேற்பட்ட இளைஞர்கள் தெருவில் நிற்கிறார்கள் என்றுதானே நினைப்போம்? இல்லை! அந்த விகிதத்தில், வேலை பார்க்காமலும் தேடாமலும் கல்லூரியிலும் பள்ளியிலும் படித்துக்கொண்டிருப்பவர்கள் சேர்வதில்லை. வேலை பார்ப்பவர்களையும் தேடுபவர்களையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையில் தேடுபவர்கள் எத்தனை சதவீதம் என்று பார்க்கிறார்கள். 15 முதல் 24 வயதுக்காரர்கள் எல்லோரையும் சேர்த்து எண்ணினால், வேலை தேடி அலைந்தவர்கள் ஐந்தில் ஒருவர். அதுவும் பயங்கரம்தான், ஆனால் பாதிக்கு மேல் அல்ல. ஆகவே அடுத்த முறை இப்படி ஒரு தலைப்புச் செய்தி கண்ணில் பட்டால், எத்தனை பேரில் எத்தனை பேர் என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு மேலே படியுங்கள்.

பிறந்தநாள் பரிசு!

பிரான்சில் ஏழைகளுக்கு அரசு மாதாமாதம் ஒரு குறைந்தபட்ச வருமானம் தருகிறது. யாருக்கு? 25 வயது நிறைந்தவர்களுக்கு! 24 வயது 11 மாதம் ஆன வேலையில்லாப் பட்டதாரி, குழந்தை குட்டி இருந்தால் அல்லது முன்பே சில ஆண்டுகள் உழைத்திருந்தால் ஒழிய, பிறந்தநாள் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். பசிக்கு வயது தெரியாது, பாரிஸ் சட்டத்துக்குத் தெரியும்.

இந்த வயதுக் கோடு இருக்கிறதே, பணக்கார நாடுகளின் இளைஞர் திட்டங்களை எங்கே தொட்டாலும் கையில் தட்டுப்படும். பிரிட்டன் 1988-ல் 16, 17 வயதுக்காரர்களுக்கு உதவித்தொகையை அநேகமாக நிறுத்தியே விட்டது. பயிற்சியில் சேர் அல்லது வீட்டிலிரு என்றது. நெதர்லாந்தில் 27 வயதுக்குக் கீழே உள்ளவர் உதவி கேட்டுப் போனால், முதலில் நான்கு வாரம் நீயே வேலை தேடிவிட்டு வா என்று அனுப்பும் விதி வந்தது. கிரேக்கத்தில் கடன் நெருக்கடியின்போது 2012-ல் என்ன செய்தார்கள் தெரியுமா? எல்லோருடைய குறைந்தபட்சச் சம்பளத்தையும் 22 சதவீதம் வெட்டிவிட்டு, 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டும் 32 சதவீதம் வெட்டினார்கள்! அதே வேலை, அதே கடை, அதே எட்டு மணி நேரம். மலிவாகக் கிடைத்தால் முதலாளிகள் இளைஞர்களை எடுப்பார்கள் என்பது வாதம். அடுத்த வருடமே அங்கே இளைஞர் வேலையின்மை 60 சதவீதத்தை நெருங்கியது. வெட்டுதான் காரணம் என்று சொல்ல முடியாது, பொருளாதாரமே கவிழ்ந்து கிடந்தது. ஆனால் வெட்டு காப்பாற்றவில்லை என்பது நிச்சயம். 2019-ல்தான் அந்த இளைஞர் சம்பளத்தை ஒழித்தார்கள்.

கொரியக் கதை இன்னும் வேடிக்கை. அரசு நிறுவனங்கள் வருடந்தோறும் தங்கள் பணியிட எண்ணிக்கையில் 3 சதவீதம் அளவுக்கு இளைஞர்களைக் கட்டாயம் எடுக்க வேண்டும் என்று 2013-ல் சட்டம் திருத்தினார்கள். இளைஞர் என்றால் 29 வயது வரை என்றார்கள். முப்பதைத் தாண்டியும் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்கள் கொதித்து எழுந்தார்கள். சியோலில் நோர்யாங்ஜின் என்ற பகுதி முழுக்கத் தேர்வுப் பயிற்சி மையங்கள்; புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றபடியே சாப்பிட, கோப்பையில் சோறு போட்டு விற்கும் தள்ளுவண்டிகள்கூட அங்கே பிரசித்தம்! அவர்களில் எத்தனையோ பேர் முப்பதைக் கடந்தவர்கள். அரசு என்ன செய்தது? வேலையைக் கூட்டவில்லை, 'இளைஞர்' என்ற வயதை 34 ஆக்கியது!

40 பவுண்டில் பிறந்த ராக் இசை!

மார்கரெட் தாட்சர் என்றதும் செலவை வெட்டிய பிரதமர் என்றுதான் ஞாபகம் வரும். அவர் ஆட்சியில் வேலையில்லாதவர்களுக்கு வாரம் 40 பவுண்டு கொடுத்து, போய்ச் சொந்தத் தொழில் தொடங்குங்கள் என்று ஒரு வருடம் விட்டுவைத்தார்கள், தெரியுமா? 1983-ல் நாடு முழுக்க வந்த திட்டம் அது. ஒரு நிபந்தனை, கையில் 1,000 பவுண்டு இருப்பதாகக் காட்ட வேண்டும். வேலையில்லாதவனிடம் ஆயிரம் பவுண்டு ஏது? நண்பனிடம் கைமாற்று வாங்கி, வங்கியில் போட்டுக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

அந்தக் காசில் பிழைத்தவர்கள் பட்டியலைப் பாருங்கள். ஓயாசிஸ் இசைக்குழுவை உலகுக்குத் தந்த கிரியேஷன் ரெக்கார்ட்ஸின் ஆலன் மெக்கீ, சூப்பர்டிரை ஆடைக் கம்பெனியின் ஜூலியன் டன்கர்டன், ஓவியக் கலைஞர் டிரேசி எமின்! கலைக்கு மானியம் தர விரும்பாத ஓர் அரசு, தன்னை அறியாமலே ஒரு தலைமுறைக் கலைஞர்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. அரசுக்கு இதில் இன்னொரு லாபம்: இந்தத் திட்டத்தில் சேர்ந்தவர் அந்த நிமிடமே வேலையில்லாதோர் பட்டியலிலிருந்து மறைந்துவிடுவார்.

அதே நாட்டில் 2011-ல் என்ன நடந்தது? நிலவியல் பட்டம் பெற்ற ஓர் இளம்பெண் அருங்காட்சியக வேலைக்குப் போக ஆசைப்பட்டு, ஓர் அருங்காட்சியகத்தில் சம்பளமில்லாமல் தொண்டு செய்துகொண்டிருந்தார். அதை விட்டுவிட்டு எல்லாமே ஒரு பவுண்டு என்று விற்கும் கடைக்குப் போய், இரண்டு வாரம் சம்பளமில்லாமல் அலமாரி அடுக்கு, இல்லையென்றால் உதவித்தொகை போய்விடும் என்றது வேலைவாய்ப்பு அலுவலகம். அவர் வழக்குப் போட்டார். 2013 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசின் விதிமுறைகளே செல்லாது என்றது. அரசு அசந்துவிட்டதா? அடுத்த மாதமே பாராளுமன்றத்தில் பின்தேதியிட்டு ஒரு சட்டம் கொண்டுவந்து, பழைய தண்டனைகளையெல்லாம் செல்லுபடியாக்கிக்கொண்டது! உதவி வெட்டப்பட்டவர்களுக்குக் காசைத் திருப்பித் தர வேண்டியிருக்குமே என்ற பயம். அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அந்தப் பெண் பக்கமே தீர்ப்புச் சொன்னது.

மரம் நட்டவர்களும் குத்துச்சண்டை வீரரும்

1930-களின் பெருமந்தத்தில் அமெரிக்க ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வேலையில்லா வாலிபர்களைக் காடுகளுக்கு அனுப்பினார். 1933 முதல் 1942 வரை சுமார் 30 லட்சம் பேர் முகாம்களில் தங்கி, 300 கோடி மரங்கள் வரை நட்டார்கள் என்கிறார்கள். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் பெரும்பாலும் 25 டாலர் நேராக அப்பா அம்மாவுக்குப் போய்விடும். பையன் கையில் 5 டாலர்! குடும்பம் பிழைத்தது, காடும் பிழைத்தது. என்னைக் கேட்டால், இந்த வரிசையில் இதைவிடக் கண்ணுக்குத் தெரியும் பலன் தந்த திட்டம் வேறில்லை. ஆனால் ஒன்று: அது ஆண்களுக்கு மட்டும்தான், பெண்களுக்கு அல்ல.

அதே ரூஸ்வெல்ட் 1935-ல் தொடங்கிய இளைஞர் நிர்வாகத்துக்கு டெக்சாஸ் மாநிலத்தில் தலைவராக வந்தவருக்கு வயது 26. பெயர் லிண்டன் ஜான்சன்! பின்னாளில் அவரே ஜனாதிபதியாகி, 1964-ல் 'ஜாப் கோர்' என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினார். அடுத்த வருடம் ஹூஸ்டனில் பள்ளிப்படிப்பை விட்டுவிட்டுத் தெருச்சண்டையில் திரிந்த ஒரு பையன் அதில் சேர்ந்தான். கையில் கிளவுஸ் மாட்டிவிட்டது அங்கிருந்த பயிற்சியாளர்தான். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் குத்துச்சண்டைத் தங்கம். ஆம், ஜார்ஜ் ஃபோர்மன்! வேலைவாய்ப்புத் திட்டத்திலிருந்து உலகச் சாம்பியன்!

கையெழுத்தும் போட்டார், அமல்படுத்த வேண்டாம் என்றும் சொன்னார்

மறுபடி பிரான்ஸ். 2006-ல் பிரதமர் தொமினிக் தெ வில்பன் ஒரு யோசனை சொன்னார். 26 வயதுக்குக் கீழே உள்ளவரை வேலைக்கு எடுத்தால், முதல் இரண்டு வருடம் காரணம் சொல்லாமலே அனுப்பிவிடலாம். சுலபமாக அனுப்ப முடிந்தால்தான் முதலாளிகள் தைரியமாக எடுப்பார்களாம். மாணவர்கள் பல்கலைக்கழகங்களை முடக்கினார்கள், தொழிற்சங்கங்கள் சேர்ந்துகொண்டன, லட்சக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். ஜனாதிபதி ழாக் சிராக் தொலைக்காட்சியில் தோன்றிச் சொன்னது என்ன தெரியுமா? சட்டத்தைப் பிறப்பிக்கிறேன்; ஆனால் யாரும் அதை நடைமுறைப்படுத்த வேண்டாம்! பத்து நாளில் அந்த யோசனையையே கைவிட்டார்கள்.

சரி, சண்டையே இல்லாத ஒரு திட்டம்: வேலை தேடும் பட்டதாரிகளுக்குத் தனி ஆலோசகர் போட்டு, விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுத்து, நேர்முகத் தேர்வுக்குத் தயார்செய்வது. யார் குறை சொல்வார்கள்? அங்கேதான் எஸ்தர் டுஃப்லோ வந்தார். 2019-ல் பொருளாதார நோபல் வாங்கினாரே, அவரேதான். அவரும் புருனோ கிரெப்போன் முதலான சகாக்களும் பிரான்சில் 235 வேலைவாய்ப்பு வட்டாரங்களை எடுத்துக்கொண்டார்கள். சில வட்டாரத்தில் யாருக்கும் ஆலோசகர் கிடையாது. சிலவற்றில் கால்வாசிப் பேருக்கு, சிலவற்றில் பாதிப் பேருக்கு, முக்கால்வாசிப் பேருக்கு, சிலவற்றில் எல்லோருக்கும். எட்டு மாதம் கழித்துப் பார்த்தால், ஆலோசகர் கிடைத்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக நிலையான வேலை கிடைத்திருந்தது. சபாஷ் என்கிறீர்களா? பொறுங்கள். அதே வட்டாரத்தில் ஆலோசகர் கிடைக்காதவர்களுக்கு வாய்ப்புக் குறைந்திருந்தது! பள்ளி ஆண்டுவிழாவில் நாற்காலி சுற்றி ஓடும் போட்டிதான். ஓடப் பயிற்சி கொடுத்தார்கள், நாற்காலியைக் கூட்டவில்லை. அதிலும் வேலை அரிதான வட்டாரங்களில் இந்தத் தள்ளுமுள்ளு அதிகம். கிடைத்த சிறு ஆதாயமும் நாள்பட நிற்கவில்லை. பயிற்சி பெற்றவர்களை மட்டும் எண்ணிவிட்டு வெற்றி வெற்றி என்று அறிக்கை வெளியிடும் எத்தனை துறைகளை இந்த ஓர் ஆய்வு வாயடைக்கச் செய்திருக்க வேண்டும்! செய்யவில்லை, அது வேறு விஷயம்.

நாற்காலியையே கூட்டிப் பார்த்தவர்கள் சுவீடன்காரர்கள். தொழிலாளிக்காக முதலாளி அரசுக்குக் கட்ட வேண்டிய வரி அங்கே சம்பளத்தில் 31 சதவீதம். இளைஞர்களுக்கு மட்டும் அதை 2007-லும் 2009-லும் வெட்டி ஏறக்குறைய பாதியாக்கினார்கள். 2012-ல் உணவகங்களில் சாப்பாட்டுக்கு வாட் வரியை 25-லிருந்து 12 சதவீதமாக இறக்கினார்கள். காரணம், இளைஞர்கள் முதல் வேலை பார்ப்பது பெரும்பாலும் அங்கேதான். முதல் வரிவெட்டைப் பின்னாளில் ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள், இளைஞர் வேலை கூடியதையும், இளைஞர்கள் நிறைய இருந்த கம்பெனிகள் பெருத்ததையும் கண்டார்கள். சலுகை நின்ற பிறகும் பலன் உடனே மறையவில்லை! ஆனால் பெரும் செலவு; புதிய அரசு வந்து 2016-க்குள் அந்தச் சலுகையை நிறுத்திவிட்டது.

வங்கித் தலைவரான அப்ரென்டிஸ்

சுவிட்சர்லாந்தில் பள்ளி முடிக்கும் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கு போவது எங்கே? கல்லூரிப் படிப்புக்கான பள்ளிகளுக்கு அல்ல, தொழிற்பயிற்சிக்கு! வாரத்தில் ஒன்றிரண்டு நாள் வகுப்பு, மீதி நாள் கம்பெனியில் சம்பளத்தோடு வேலை. அங்கே அப்ரென்டிஸ் என்றால் ஸ்பானரோடுதான் நிற்பான் என்று எண்ணாதீர்கள். வங்கிக்கும் அப்ரென்டிஸ் உண்டு. உலகப் பெருவங்கிகளில் ஒன்றான யுபிஎஸ்ஸின் தலைமை அதிகாரி செர்ஜியோ எர்மோட்டி, லுகானோ ஊரில் ஒரு வங்கியில் அப்ரென்டிஸாகத் தொடங்கியவர்! ஜெர்மனியிலும் 300-க்கு மேற்பட்ட தொழில்களுக்கு இப்படி முறையான பயிற்சி இருக்கிறது. 2013-ல் ஸ்பெயின் 55 சதவீதத்தில் தவித்தபோது ஜெர்மனியின் விகிதம் 8-ஐ ஒட்டித்தான்.

அந்த ஜெர்மனி அதே வருடம், வாருங்கள், மொழி கற்றுத்தருகிறோம், பயிற்சியும் தருகிறோம் என்று தெற்கு ஐரோப்பிய இளைஞர்களை அழைத்தது. கூட்டம் தாங்கவில்லை. 2014 ஏப்ரலில் பணம் தீர்ந்துபோய், புது விண்ணப்பம் வேண்டாம் என்று கதவைச் சாத்தினார்கள்!

இந்த முறையை அப்படியே தூக்கி வந்து நட்டுவிடலாம் என்று ஊருக்கு ஊர் அமைச்சர்கள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். முடியாது. அங்கே பயிற்சிக்குக் காசு போடுவது கம்பெனிகள், பாடத்திட்டம் வகுப்பதில் தொழிற்சங்கமும் உட்கார்ந்திருக்கிறது, சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லும். இவை பல தலைமுறையாக ஊறிய ஏற்பாடுகள்.

கொடுத்த மறுநாளே பிடுங்கிய கதை

2016 ஆகஸ்டில் சியோல் மாநகராட்சி, வேலை தேடும் இளைஞர்களுக்கு மாதம் 5 லட்சம் வோன் வீதம் ஆறு மாதம் தரத் தொடங்கியது. சுமார் 2,800 பேருக்கு முதல் மாதப் பணம் போனது. மறுநாளே மத்திய அரசின் சுகாதார நல அமைச்சகம் திட்டத்தை ரத்து செய்தது! மேயர் ஒரு கட்சி, ஜனாதிபதி வேறு கட்சி. இடையில் இளைஞர்கள். 2017-ல்தான் திட்டம் மறுபடி உயிர்பெற்றது.

எதற்கு இத்தனை அவசரம், இன்று இல்லாவிட்டால் நாளை வேலை கிடைத்துவிடப் போகிறது என்று நினைக்கிறீர்களா? கனடாவில் பிலிப் ஒரியோபௌலஸும் சகாக்களும் கல்லூரி முடித்தவர்களின் சம்பளக் கணக்கை ஆண்டாண்டாகப் பின்தொடர்ந்தார்கள். மந்த காலத்தில் படிப்பை முடித்தவரின் வருமானம் தொடக்கத்தில் ஏறத்தாழ 9 சதவீதம் குறைவு. அந்தப் பள்ளம் நிரம்ப எத்தனை வருடம்? பத்து! அதுவும் கம்பெனி விட்டுக் கம்பெனி தாவியவர்களுக்கு. பிறந்த வருடத்தைத் தவிர வேறு எந்தத் தப்பும் செய்யாதவர்கள் இவர்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல் ஓர் உறுதிமொழி கொடுத்தது: 25 வயதுக்குக் கீழே உள்ள யாராக இருந்தாலும், படிப்பு முடிந்த அல்லது வேலை போன நான்கு மாதத்துக்குள் ஒரு வேலையோ பயிற்சியோ மேற்படிப்போ கிடைக்கச் செய்வோம் என்று. சுவீடன் 1984-லேயே இப்படி ஓர் உறுதி கொடுத்துப் பார்த்த நாடு; ஆனால் வேலையில்லாதவர்கள் குறைவாக இருந்த வடக்கே நடந்தது, வேலையே அரிதாக இருந்த தெற்கே அப்படியே நடக்குமா? நடக்கவில்லை. பல இடங்களில் நான்கு மாதத்தில் கிடைத்தது ஒரு குறுகிய காலப் பயிற்சி; அது முடிந்ததும் மறுபடி அதே வரிசை.

போர்ச்சுகல் 2011-ல் இன்னும் பச்சையாகவே பேசியது. வேலையில்லாத இளைஞர்கள் சொகுசை விட்டு வெளிநாடு போகலாமே என்று அந்த நாட்டின் இளைஞர் நலத்துறைக்கான அரசுச் செயலரே சொன்னார்! போனார்கள், கூட்டம் கூட்டமாகப் போனார்கள். இப்போது இளைஞர்களைத் தக்கவைக்க அதே நாடு வருமான வரியைத் தள்ளுபடி செய்கிறது. முதல் வருடம் முழு விலக்கு, அப்புறம் படிப்படியாகக் குறைந்து பத்து வருடம் வரை. போலந்து 2019 ஆகஸ்டிலேயே 26 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் சம்பளத்துக்கு, ஓர் உச்சவரம்புக்குள், வரியே இல்லை என்று அறிவித்துவிட்டது.

இந்த வயதுகளை மட்டும் தனியே எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள். ஐரோப்பிய உறுதிமொழி 25 வயதுவரை என்றுதான் தொடங்கியது. 2020-ல் அதை 30 ஆக்கினார்கள். கொரியா 29-ஐ 34 ஆக்கியது. போர்ச்சுகலில் அந்த 'இளைஞர் வரிச்சலுகை' 2025 முதல் 35 வயதுவரை செல்லும்.